டி டிரைவில் இருந்த கல்யாணம்

கணினிக்குள் வைரஸ் புகுந்தால் பதறக் கூடாது. இணைய வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

எங்கள் வீடு எருமப்பட்டிக்கு வெளியே, கோழிப்பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. நான் நுண்ணுயிரியல் படித்தவள். அதிகம் பேசமாட்டேன். தீவனக் கணக்கு, தடுப்பூசித் தேதி எல்லாம் கணினியில் ஏற்றுவது என் வேலை. அண்ணன் காளிதாஸின் கல்யாண வீடியோவும் அதில்தான் இருந்தது, டி டிரைவில்.

அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் சேர்ந்து செய்வது. கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். செய்தவளை ஊர் ஆயுசுக்கும் இணைச்சீர்க்காரி என்று சொல்லும். அண்ணனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். கூப்பிட்டபோது எழுந்திருக்கக் கொஞ்சம் தயங்கினேன். அதற்குள் பெரியப்பா மகள் சித்ராக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"அவளுக்குக் கூச்சமுங்க. கூட்டத்தப் பாத்தா மயங்கி உழுந்துருவா. நானே பண்ணீர்றேன்."

நான் பின்னால் தாம்பாளம் பிடித்தேன். அத்தனை நீள வீடியோவில் என் முழங்கை ஒரே ஒரு இடத்தில் வருகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பியோடு வீடியோவும் உண்டு. சித்ராக்கா இருந்தால் சரியாக அந்த இடத்தில் நிறுத்துவாள்.

"இது யாரு கையின்னு சொல்லுங்க பாக்கலாம்?"

யாருக்கும் தெரியாது.

"நம்ம கோகிலாளுதுங்க. சீரு பண்ண வாடீன்னா கைய மட்டும் அனுப்பிச்சுட்டா."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். தீவன லாரி டிரைவர் ராசுகூட, "முழங்கை அம்மிணி, சாவி குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

வைரஸ் வந்தது அடுத்த வாரம். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போயின. இந்த வகை வைரஸ் எதையும் அழிக்காது, மறைத்து மட்டும் வைக்கும். ஒரு வரிக் கட்டளையில் எல்லாம் திரும்பி வந்துவிடும். அது எனக்குத் தெரியும். அண்ணன் அதைக் கேட்கவில்லை.

"என்ன புள்ள பண்றது?" என்றார்.

"ஒரு கோழிக்கு வந்தா என்னண்ணா பண்ணுவோம்?"

அண்ணன் பண்ணைக்காரர். யோசிக்கவே இல்லை. "ஷெட்டையே காலி பண்ணி மருந்தடிப்போம். பண்ணீரு."

பண்ணினேன். விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். டிரைவ்களைப் பிரித்து, தீவனம், முட்டை, தடுப்பூசி என்று பெயரிட்டு அடுக்கினேன். பழைய மின்சார ரசீதுகளைக்கூடக் காப்பாற்றினேன். கல்யாண ஃபோல்டரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை என்று சொன்னேன். அண்ணி அழுதாள். அவளுக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

"சித்ராகிட்ட பென் டிரைவுல இருக்குமே" என்றாள் அம்மா.

இருந்தது. மாமா வீட்டிலும் ஒன்று இருந்தது. இங்கிருந்து பதிந்துகொண்டு போனவை அவை. அதனால் தொற்று அவற்றிலும் இருக்கும் என்று விளக்கினேன். வெளியார் வண்டி டயருக்கே மருந்தடித்து உள்ளே விடும் குடும்பம் எங்களுடையது. மறுநாளே எல்லாம் வந்து சேர்ந்தன. சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தேன். மிகவும் சுத்தமாக. நாமக்கல் ஸ்டுடியோக்காரர் குருமூர்த்தி மூன்று மாதத்துக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை; கல்யாணமாகி அதற்கு மேலேயே ஆகியிருந்தது. ஆல்பம் அச்சாகவில்லை, எந்தப் படத்தைப் போடுவது என்று சண்டை முடியாததால். உறவினர் போன்களில் வீடியோக்காரரின் முதுகுதான் இருந்தது.

அந்த வைரஸை நாமக்கல் ஜெராக்ஸ் கடை ஒன்றிலிருந்து என் பென் டிரைவில் கொண்டுவந்தது நான்தான். மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் இரண்டு கடைகளும் சுத்தமாக இருந்தன.

பிறகு நடந்தது நான் எதிர்பாராதது. கல்யாணத்துக்கு வர முடியாமல் போன அண்ணியின் சித்தி வந்திருந்தார். படம் இல்லாததால் கல்யாணத்தைப் பேச்சில் காட்ட வேண்டியிருந்தது. "இணைச்சீரு யாரு பண்ணுனதுங்க?" என்றார்.

"நானுங்க" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

முறுக்கு கடித்துக்கொண்டிருந்த சித்ராக்கா நிமிர்ந்தாள். "ஏன்டி, நானல்ல பண்ணுனேன்? சின்னம்மா, சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "கூடப்பொறந்தவ இருக்கையில நீ எதுக்கு சாமி பண்ணோணும்?"

"பண்ணுனேனுங்க சின்னம்மா. பச்சப் பட்டு கட்டியிருந்தேன்."

"பச்சப் பட்டு எல்லாருந்தான் கட்டியிருந்தாங்க" என்றார் அண்ணன்.

"வீடியோ இருந்தா போட்டுப் பாத்துக்கலாம்க்கா" என்றேன்.

முறை என்று ஒன்று இருப்பதால் வந்த வசதி இது. எது நடந்திருக்க வேண்டுமோ அதுதான் நடந்தது என்று எங்கள் வீட்டில் நம்பிவிடுவார்கள். பொங்கலுக்குள் மாமாவுக்கு என் கை நடுங்கியதுகூட ஞாபகம் வந்துவிட்டது. சித்ராக்கா கொஞ்ச நாள் வாதாடினாள். இப்போது வருவதைக் குறைத்துக்கொண்டாள். வந்தாலும் கூடத்தில் ஒரு ஓரமாக உட்கார்கிறாள். கூச்சமாக இருக்கும்.

நான் குரூரமானவள் இல்லை. ஒரு பிரதியை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் கடவுச்சொல் போட்டு வைத்திருந்தேன். போன வாரம் ஆசையாக இருந்தது, திறந்து இணைச்சீர் வரும் இடத்தை ஓடவிட்டேன். அண்ணன் பக்கத்தில் சித்ராக்கா இருந்தாள். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், அவள்தான் இருந்தாள். அந்த வீடியோவையும் வைரஸ் கெடுத்துவிட்டிருக்கிறது. அழித்துவிட்டேன்.