வலி நிறுத்தணும்

கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டை போகும் பஸ். முன் சீட்டில், மலையாளம் பேசும் இந்த ஊரிலேயே வளர்ந்த ஒரு கர்ப்பிணியும், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அவள் மாமியாரும்.

"டாக்டரு என்னம்மா சொன்னாவ?"

"வலி உடனே நிறுத்தணுமாம், அத்தை. அதுக்கு நானா மாத்திரை வாங்கித் திங்கக்கூடாதாம். முடியலேன்னா தோள்ல ஒட்டுற பேட்ச் அவங்களே பார்த்துத் தருவாங்களாம்."

"அஞ்சாம் மாசமே வலியா! எப்பத்துலருந்து?"

"காலேஜ்லருந்து."

மாமியார் விழித்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"அம்மே, இவிடெ வலின்னா சிகரெட் இழுக்கிறதாணு."

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்:

"துளசித் தொட்டியில கெடந்த சிகரெட் துண்டுக்கு எம்மவனையில்லா ஏசுனேன்! அந்த பேட்ச் வரட்டும். மொதல்ல உன் வாயில ஒட்டுதேன்."