மதியத்துக்கு மேல் இருபத்துமூன்று குழந்தைகள்

பெயர் ரேணுகா, வயது 34, க/பெ வினோத், அம்பத்தூர் மேனாம்பேடு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். வானகரத்தில் பல் டாக்டர் ஜேம்ஸ் கிளினிக்கில் ஒன்பது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

சென்ற ஜூலை 18ஆம் தேதி மாங்காட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் பல் முகாம் நடத்தினோம். கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் சொத்தை வராமலிருக்க டாக்டர் ஒரு பூச்சு வைப்பார், அது இறுகுவதற்கு நான் நீல விளக்கைக் காட்டுவேன். பல்லுக்கு இருபது வினாடி. எங்கள் விளக்கு பத்து வினாடிக்கு ஒரு பீப் அடிக்கும், அதனால் இரண்டு பீப் வந்ததும் எடுத்துவிடுவேன். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் கடிகாரம் பார்த்ததில்லை, காதுதான் கணக்கு.

காலையில் நாற்பத்தொரு பேர் முடிந்ததும் விளக்கு பழுதாகிவிட்டது. அதன் பிறகு டாக்டர் தன் நண்பரிடமிருந்து வேறு விளக்கு வரவழைத்தார். அதன் பிறகு இருபத்துமூன்று குழந்தைகளுக்கு அதே இரண்டு பீப் காட்டினேன். வரிசை மளமளவென்று நகர்ந்தது. "மத்தியானத்துக்கு மேல கை பறக்குதே ரேணுகா" என்றார் டாக்டர். எனக்குப் பெருமையாக இருந்தது, அந்தப் பெருமையில் இடி விழ. ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தபோது பூச்சு மேலே கெட்டியாகத்தான் இருந்தது.

இந்தப் பிப்ரவரியில் லோடு ஆட்டோ ஓட்டும் தங்கராஜ் தன் மகன் ரோஹித்தை, வயது 7, தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னா மேடம், சொத்தையே வராதுன்னீங்களே, புள்ள மூஞ்சி எப்டி வீங்கிக் கீது பாருங்க" என்றார். டாக்டர் பூச்சைப் பெயர்த்தபோது அடிப்பாகம் இறுகாமல் பிசுபிசுத்தது, ஓரத்தில் இடைவெளி, உள்ளே சொத்தை வேர் வரை போயிருந்தது. அதன் பிறகு பையனை மருத்துவமனையில் சேர்த்துப் பல்லை எடுத்தார்கள். தங்கராஜ் டாக்டர் மேல் புகார் கொடுத்தார். டாக்டர் மருந்து டப்பாவில் காலாவதித் தேதியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோஹித் மதியத்துக்கு மேல் வந்தவன் என்பது எனக்கு உறுத்தியது. மறுநாள் அந்த நண்பரின் கிளினிக்குக்குப் போய், அதே விளக்கைப் போட்டு, செல்போனில் நேரம் பார்த்தேன். அது ஐந்து வினாடிக்கு ஒரு பீப் அடித்தது. அப்படியானால் அந்த இருபத்துமூன்று பேருக்கும் நான் காட்டியது பாதி நேரம்தான்.

என் கணவர், "வாயத் தொறக்காத, டாக்டரு பாத்துக்குவாரு" என்றார். நான், "சொத்தையே வராதுன்னு நம்பிக்கினு பெத்தவங்க புள்ளைங்க வாயத் தொறந்துகூடப் பாக்க மாட்டாங்கய்யா" என்றேன். அதன் பிறகு டாக்டரிடம் சொன்னேன். திட்டவில்லை, பள்ளிப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார்.

ரோஹித் போக இருபத்தோரு குழந்தைகளைக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டோம், நான்கு பேருக்குப் பூச்சு ஓரம் விட்டிருந்தது. மீதி ஒரே ஒரு குழந்தை, நிவேதிதா, அப்போது இரண்டாம் வகுப்பு. குடும்பம் வீடு மாறிவிட்டது, பள்ளியில் கொடுத்த செல் நம்பர் வேலை செய்யவில்லை. எனக்குத் தூக்கமே இல்லை. என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள், முதலில் அவளைத் தேடிக் கொடுங்கள்.

அவள்தான் அன்றைக்குக் கடைசி. "இன்னும் எவ்ளோ நேரம்க்கா?" என்று கேட்டாள். "ரெண்டே பீப்தான் கண்ணு, நீயே எண்ணிக்கோ" என்றேன். வாயைத் திறந்தபடியே விரல் மடக்கி எண்ணினாள்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) வி. ரேணுகா