காயப்போட்ட வயலில் ஈரம்

ஹலோ... ஹலோ, மவிம்பேலா அண்ணனா? பம்பு ரூம்லதானே இருக்கீங்க? ...நான் தும்சிலே. ஏழாம் நம்பர் வயல்... ஆமா, ஆமா, நல்லா இருக்கேன். அதெல்லாம் அப்புறம். என் வயலுக்கு யாரு தண்ணி திறந்துவிட்டது?

...திறக்கலையா? அப்ப நான் மிதிச்சுக்கிட்டு நிக்கிறது என்ன, புளிச்ச பாலா? சொட்டுக் குழாய் நெடுக சதசதன்னு கிடக்கு!

...தெரியும், தெரியும். கரும்பு வெட்டுக்கு முன்னாடி ஆறு வாரம் காயப்போட்டாத்தான் இனிப்பு ஏறும், நீங்கதானே சங்கத்துல சொன்னீங்க. அஞ்சு வாரமா பல்லைக் கடிச்சுக்கிட்டு கிடக்கேன். தோகை சருகாகித் தொங்குனப்பவும் வால்வுல கை வெக்கல. வெள்ளிக்கிழமை ஆலைக்காரங்க சாறு எடுத்துப் பாப்பாங்க. இனிப்பு இல்லைன்னா என் வெட்டு நாள் அடுத்த வயலுக்குப் போயிரும்.

...அடுத்த வயல் யாரு? சிமெலானே! ...கோயிலுக்குப் போறவரா? கோயிலுக்குப் போறவன் வால்வு திருக மாட்டானா? நேத்து வேலியோரமா நின்னு என் கரும்பை அப்படி எட்டி எட்டிப் பாத்தான். எதுக்காம்?

...இல்ல, நீங்க அவன் பக்கம். போன மாசம் அவன் ஆடு அறுத்தப்ப ஈரல் உங்க தட்டுலதான் இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்... கத்தாதீங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எல்லாரு முன்னாடியும் கேக்கத்தான் போறேன்!

...இருங்க, இருங்க. வால்வுகிட்ட யாரோ குனியிறான். மாட்டினான்! வெச்சிராதீங்க, நீங்களே கேளுங்க... டேய்! யாருடா அது?

...ஐயோ. நீங்களா? ...மூணு நாளாவா? பாவமா இருந்துச்சா! ஏங்க, பதினோரு மாசம் சுரங்கத்துல கல்லு உடைச்சுட்டு லீவுல வந்த மனுஷன் காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதானே! ...சிரிக்காதீங்க. மூடுங்க அதை. மூடுங்கன்னா!

...ஹலோ. இருக்கேன். ...எல்லாம் கேட்டுச்சா? ...ஆமா, என் வீட்டுக்காரர்தான், தெமாவோட அப்பா. தான் நட்ட கரும்பு சாகுதுன்னு நினைச்சுட்டாரு. வந்த ஆள்கிட்ட மாடு, கன்னு, கூரைன்னு எல்லாம் பேசினேன், காயப்போட்டிருக்கேன்னு சொல்லலையே, பாவி!

...உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது அண்ணே. மன்னிச்சிருங்க. ...வெள்ளிக்கிழமைக்குள்ள காயுமா? ...காயாதா. ...ம்.

...சரி. என் வெட்டு நாளை சிமெலானேக்கே எழுதிருங்க. ...ஆமா, நானே சொல்றேன். ...இல்ல, அழல. ...வெக்கிறேன் அண்ணே. பச்சை திரும்பிருச்சு, வந்து பாருன்னு கூப்பிடுறாரு.