மன்னிக்காத கையெழுத்து

பாறசாலையில் ஏறிய அம்மாவும் மகனும் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அமரவிளை செக்போஸ்டில் பஸ் நின்றதும் மகன் வெடித்தான்.

“தம்பிய கல்ஃபுல வச்சு குத்திக் கொன்னவனுக்கு மன்னிப்புப் பேப்பர்ல ஒப்பு போட்டியாம்மா?”

“போட்டேன். ஆனா மன்னிக்கேல்ல.”

“பின்ன எதுக்கு? நீ போடல்லேன்னா அவனுக்க தலைய வெட்டியிருப்பானுவ!”

“வெட்டினா ஒரு நிமிசத்துல தீந்துபோவும். ஜெயில்ல கெடந்து நெனைக்கட்டும்.”

“நாளைக்கு வெளிய விட்டா ஊருக்குத்தான் வருவான்!”

“வரணும்லே!” அவள் கத்தியதில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே ரூமுல கெடந்தவனுவ. லீவுல வாறப்ப உனக்க தம்பி குடுத்துவிட்ட பொதியெல்லாம் வீட்டுல கொண்டு தந்தவனாக்கும் அவன். எனக்க பிள்ள கடைசியா என்ன சொன்னான்னு அவனுக்கு மட்டுந்தான் தெரியும். அதையும் அவனே கொண்டுவந்து தரணும்.”