நெட்டுவாக்கில் எடுத்த படம்

காபியில் சர்க்கரை போதுமா பாருங்கள், ஏகநாதன் சார். கொஞ்சம் மெதுவாகவே பேசுவோம். அவர் உள்ளே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

காலனி அசோசியேஷன் செக்ரட்டரி என்ற முறையில் நீங்கள் எழுதிக்கொண்டு வந்திருக்கும் புகாரைப் படித்தேன். எதிர்வீட்டு மிருதுளாவின் ரிசப்ஷனில் என் கணவர் ஆடியதை வீடியோகிராஃபர் டெனிஸ் இணையத்தில் போட்டு அவமானப்படுத்திவிட்டார் என்கிறீர்கள். தமிழ் நன்றாக இருக்கிறது. ஆனால் டெனிஸ் அந்த நேரத்தில் மேடையை விட்டு இறங்கவே இல்லை. மொய்க் கவரோடு வரிசையில் நின்றவர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கேமராவில் எல்லாம் அகலவாக்கில்தான் விழும். இந்தப் படம் நெட்டுவாக்கில் இருக்கிறது. போனில் எடுத்தது. என் போனில்.

எடுத்தது குற்றமில்லையே. மண்டபத்தில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயருக்குத்தான் அவர் என் கணவர் சுந்தரராமன், எந்நேரமும் காலனிக்குப் பிரசிடென்ட். போன வருஷம் எங்கள் கல்யாண நாளன்று சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பி நின்றேன். கழிவுநீர் லாரிக்காரனோடு கேம்ப் ரோடு முனையில் நியாயம் பேசிவிட்டு, நடை சாத்திய பிறகு வந்தார். இந்தத் தெருவில் எந்த வீட்டுக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரியும். நான் மூக்குக்கண்ணாடி மாற்றியது தெரியாது. ஒருநாள் மேஜையில் கிடந்ததை எடுத்து, "இது யாரோடது, யாராவது விட்டுட்டுப் போயிட்டாளா?" என்று கேட்டார். நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வருவதே கிடையாது.

ரிசப்ஷனுக்கும் அவர் சாப்பிட வரவில்லை. சத்தம் எத்தனை டெசிபல் என்று அளக்கும் செயலியைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டை நிறுத்தத்தான் வந்தார். பொங்கல் விழாவில் நிறுத்தினாரே, அதே மாதிரி. நான் முன்னாலேயே போய், பாட்டுப் போடும் ஜென்சி என்ற பெண்ணிடம் பேசிவைத்திருந்தேன். எங்களுக்குக் கல்யாணமான வருஷத்துப் பாட்டு ஒன்றைச் சொன்னேன்.

"ஆன்ட்டி, அங்கிள் ஆடுவாரா? திட்டிட மாட்டாரே?"

"ஆடுவார்மா. நீ சத்தத்தை மட்டும் குறைக்காதே."

அவர் நேராக ஜென்சியை நோக்கி வந்தபோது கையைப் பிடித்தேன். "ஒரே ஒரு தடவை, எனக்காக ஆடுங்கோளேன்."

"அபிதா, நான் பிரசிடென்ட்டுடி. நாலு பேர் பார்க்கறா."

"இன்னிக்கு ஒருநாள் எனக்கு ஆத்துக்காரரா இருங்கோளேன்."

ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் செயலியை மூடிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கைகளை நீட்டி மடக்கினார். பிறகு தோள் அசைந்தது. ஆடிக்கொண்டிருந்த பெண்களும் பையன்களும் விலகி இடம் விட்டார்கள். கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, முட்டி வலிக்கிறது என்று மாடிப்படி ஏறாத மனுஷர், தரையில் மண்டியிட்டுப் பாம்பு டான்ஸ் ஆடினார் பாருங்கள். எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. படம் இரண்டு இடத்தில் குலுங்குவது அதனால்தான்.

ராத்திரியே போடவில்லை. காலையில் குளித்துவிட்டு, நிதானமாக, கல்யாண வீடியோ எடுப்பவர்கள் வைப்பதைப் போல ஒரு பெயரில் கணக்குத் தொடங்கிப் போட்டேன். 'டெசிபல் தலைவர்' என்ற தலைப்பும் என்னுடையதுதான். மத்தியானத்துக்குள் நம் காலனி குரூப்புக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினால், பம்மல் டிரைவர் திரும்பிப் பார்த்து, "சார், அந்தப் பாம்பு டான்ஸ் பார்ட்டி நீதானா? இன்னாமா ஆடிகீற!" என்றானாம். பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறான். இவர் பாதி வழியிலேயே இறங்கி நடந்து வந்து, ராஜினாமாவை உங்களுக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு வீட்டில்தான் இருக்கிறார். பெருங்காய டப்பா எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொண்டார். சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார். போன வாரம், "இந்தக் கண்ணாடி உனக்கு நன்னா இருக்கு" என்றார்.

தினமும் விளக்கு வைத்ததும் ஒரு கேள்வி கேட்பார். "இன்னிக்கு என்ன எழுதியிருக்கா?" படத்துக்குக் கீழே வந்திருப்பதை நான் வாசித்துக் காட்டுவேன். கிழவனுக்கு வேலையில்லை, பதவி போதை, இப்படி வருவதை மட்டும். 'சூப்பர் அங்கிள்', 'எங்கள் அப்பாவும் இப்படி ஆடினால் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். அதையெல்லாம் வாசித்தால் மனுஷர் மறுபடி வெளியே கிளம்பிவிடுவார். திட்டு வராத நாட்களில் நானே ஒன்றிரண்டு எழுதிப் போடுகிறேன்.

நீங்களும் ராஜகோபாலன் சாரும் ராஜினாமாவைத் திரும்ப வாங்கச் சொல்லி வந்தீர்களே, அன்று அவர் தூங்குகிறார் என்று சொன்னேனே, தூங்கவில்லை. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் அசோசியேஷன் ஆபீஸ் சாவியை வாங்கிப் போக வந்ததாக அவரிடம் சொன்னேன்.

இதையெல்லாம் இப்போது சொல்வது டெனிஸுக்காகத்தான். பாவம், கல்யாண ஆர்டர்கள் கைவிட்டுப் போகின்றனவாம். சைபர் போலீசுக்குப் போனால் எந்தப் போனிலிருந்து போட்டது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அது வேறு விஷயம்.

ஒன்று மட்டும் பாக்கி. நீங்கள் பார்த்தது முழுப் படம் இல்லை. கடைசியில் கொஞ்சம் வெட்டிவிட்டேன். அதில் அவர் மூச்சு வாங்க எழுந்து, கூட்டத்தைப் பார்க்காமல் கேமராவை மட்டும் பார்த்து, கையை நீட்டுகிறார். நீயும் வா என்கிறார். நான் "இருங்கோ, வரேன்" என்று சொல்வது கேட்கும். கை நீட்டியபடியே ரொம்ப நேரம் நிற்கிறார். நான் போகவில்லை. போயிருந்தால் படம் நின்றிருக்கும்.

புகாரைக் கிழிப்பதும் கிழிக்காததும் உங்கள் விருப்பம். அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள், சார். தாங்க மாட்டார். அவர் மனசு நோகக் கூடாதே என்று நினைக்க, இப்போது என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?