ஊற வைக்காத மட்டை

புதிதாக வாங்கி வந்த ஆர்க்கிட் செடிக்கு உடனே தொட்டி மாற்றக் கூடாது. பூ இருக்கும்போது மாற்றவே கூடாது. இரண்டு வாரம் தனியாக வைத்து, பூச்சி, பூஞ்சை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து, பூவெல்லாம் உதிர்ந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என்னால்தான் அது முடிந்ததில்லை. எனக்கு இருப்புக் கொள்ளாது, மேடம். உட்கார்ந்து எழுதச் சொன்னீர்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன். இப்போது உங்கள் ஜன்னல் விளிம்பில் காகிதத்தை வைத்து நின்றபடி எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடையில் இருபத்தாறு வருஷம் நின்றே வேலை பார்த்தவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபோது என் தங்கைக்கு ஆறு வயது, எனக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே இல்லை. அவளுக்குத் தலை வாரியதும் நான், காய்ச்சலுக்குக் கண் விழித்ததும் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, யார் யாரென்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே என்று சொல்கிறேன்.

செடி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆர்க்கிட்டுக்கு மண் ஆகாது. வேர் மூச்சு விட வேண்டும். கடையில் பாசியை இறுக்கி அடைத்து விற்பார்கள். வெளியே பார்த்தால் பூ சிரிக்கும், உள்ளே நடுவில் ஒரு கைப்பிடிப் பாசி ஈரம் காயாமல் அழுகிக்கொண்டிருக்கும். அதைப் பிய்த்தெடுத்து, கொழகொழத்த வேரை வெட்டிவிட்டு, காற்று போகிற கலவையில் வைக்க வேண்டும். சிலர் மரப்பட்டை மட்டும் போடுவார்கள், அது சீக்கிரம் காய்ந்துவிடும். என்னுடையது தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, அடுப்புக்கரி ஒரு பங்கு, மேலே கொஞ்சம் பட்டை. மட்டையையும் கரியையும் மூன்று நாள், மூன்று தண்ணீர் மாற்றி ஊற வைப்பேன். முதல் தண்ணீர் தேயிலைச் சாறு மாதிரி இறங்கும், மூன்றாவது தெளிந்துவிடும். பிறகு வெயிலில் உலர்த்திச் சலித்தால் தூசி என்பதே இருக்காது. தூசி இருந்தால் வேரின் மூச்சை அடைத்துவிடும். சின்ன வயதில் அந்த வாளிகளைத் தூக்கி ஊற்றுவது என் தங்கையின் வேலை.

அவள் ஒரு தடவை வெளியூர்க் கல்லூரியில் இடம் வாங்கி விடுதிக்குப் போனாள். பதினைந்தாம் நாள் போய், பெட்டியைக் கட்டி அழைத்து வந்துவிட்டேன். அங்கே தண்ணீர் அவளுக்குச் சேரவில்லை. பிறகு தூரத்தில் ஒரு வேலை கிடைத்தது. அந்த அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வரமாட்டாள் என்று நானே சொல்லி வைத்தேன். உண்மையிலேயே ஒரு வரன் வந்தபோது, பையனுடைய அம்மாவைத் தனியாக அழைத்து, இவளுக்கு வலிப்பு வரும், மறைத்துச் செய்தால் பாவம் இல்லையா என்றேன். ஒவ்வொரு தடவையும் அவள் சில மாதம் வாடிப்போனாள். தொட்டி மாற்றினால் எந்தச் செடியும் கொஞ்ச நாள் வாடும். அப்புறம் இங்கேயே நூலகத்தில் வேலை கிடைத்தது, சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் இருப்பாள். இருபது வருஷம் நிம்மதியாகப் போனது.

அவளைக் கட்டிக்கொண்டவருக்கு என் கடையில்தான் அவள் அறிமுகம். மர அறுவைப் பட்டறையில் முப்பது வருஷம் தூள் குடித்து நெஞ்சு கெட்டுப்போன மனிதர். மாதம் ஒரு தடவை இன்ஹேலர் வாங்க வருவார். எடுத்துக் கொடுத்தது நான். ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், நின்று அவரோடு பேசினாள். அவளுடைய நாற்பத்தொரு வயதில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு சாட்சியை வைத்துப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றார்கள். ஆசீர்வாதம் செய்தேன். என் வீட்டிலேயே ஆறு மாதம் இருந்தார்கள். நல்ல மனிதர், அதையும் எழுதிவிடுகிறேன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், நான் தம்பி என்பேன்.

டாக்டர் அவரைக் கடற்கரைப் பக்கம் போய் இருக்கச் சொன்னார். அங்கே அவருக்கு ஒரு சின்ன வீடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக முடிவாயிற்று. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை. மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அலமாரியிலிருந்த பாத்திரங்களை எடுத்துக் கழுவினேன், துடைத்து வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தாதக்கா. ஒரு இடத்துல உக்காரு," என்றாள் தங்கை. "நீயும் எங்ககூட வந்துடேன். அங்க உனக்கு ஒரு ரூம் இருக்கு."

"என் செடிங்க?"

"அதையும் எடுத்துட்டு வா. யாரு வேணாம்னா?"

"உப்புக் காத்துல ஒண்ணும் தேறாது."

"எது தேறும் எது தேறாதுன்னு எப்பவும் நீயே சொல்லிடுற," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

வியாழக்கிழமை காலை நாற்றுப்பண்ணைக்குப் போய்ப் பன்னிரண்டு ஆர்க்கிட் வாங்கி வந்தேன். பன்னிரண்டிலும் பூ. வழியிலேயே மட்டை ஒரு மூட்டை, கரி ஒரு மூட்டை வாங்கி, பின்வாசல் வழியாக உள்ளே வைத்தேன். தங்கை நூலகத்துக்குப் போயிருந்தாள். அவர் கூடத்தில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு கை குடுக்கறீங்களா? மட்டையும் கரியும் சலிச்சுக் குடுத்தா போதும்," என்றேன்.

"தூசிக்கா, எனக்கு அது..." என்று இழுத்தார்.

"அலசிக் காய வெச்சதுதான். என்னைப் பத்தித் தெரியாதா? மூணு தண்ணி மாத்தாம நான் கையாலயும் தொடமாட்டேன்."

அது அவருக்குத் தெரியும். ஆறு மாதமாக அந்த வாளிகளைப் பார்த்தவர்தானே. சிரித்துவிட்டு எழுந்தார். "ஊருக்குப் போறதுக்குள்ள என்னையும் எடுத்து வேற தொட்டியில வெச்சிடுவீங்க போலிருக்கு," என்றார்.

சட்டை கரியாகிவிடும் என்று கழற்றி வாங்கிக்கொண்டேன். பழைய சட்டை ஒன்று கொடுத்தேன். அவருடைய இன்ஹேலர் சட்டைப் பையில் இருந்தது. சட்டையை மடிப்புக் கலையாமல் தங்கையின் அலமாரியில் மாட்டி வைத்தேன். எதையும் போட்ட இடத்தில் விடுவது எனக்குப் பிடிக்காது.

பின்கட்டு அறையில் உட்காரச் சொன்னேன். புதுச் செடிக்குக் காற்று அடிக்கக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினேன், புழுக்கமாக இருக்குமே என்று மின்விசிறியைப் போட்டேன். அந்தக் கதவு மழையில் உப்பிப்போனது. இழுத்துச் சாத்தினால், உள்ளேயிருந்து திறக்க நல்ல ஆளுக்கே இரண்டு கையும் வேண்டும். இழுத்துச் சாத்தினேன்.

முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து வேர்களைக் கழுவ ஆரம்பித்தேன். முதல் செடியில் இருக்கும்போதே, "அக்கா, கொஞ்சம் தூசி வருதே," என்று குரல் கேட்டது. "முதல்ல அப்படித்தான் இருக்கும் தம்பி, போகப் போகச் சரியாயிடும்," என்றேன். மூன்றாவது செடியில் இருமல் தொடங்கியது. ஐந்தாவதில் இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டார், ஒரு தடவை தங்கையின் பெயரைச் சொன்னார். கதவை ஆட்டும் சத்தம் கேட்டது. குழாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டேன். இடையில் எழுந்திருந்தால் வேர் காய்ந்துவிடும். அதனால் மீதி ஏழையும் முடித்துவிட்டு, கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துவிட்டு, போய்க் கதவைத் திறந்தேன். ஒரு வாரத்தில் அன்றைக்குத்தான் என் கை நடுங்காமல் இருந்தது. ஒரு செடியில்கூடப் பூ உதிரவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். ஏற்கெனவே நெஞ்சு கெட்டவர், ஏதோ தூசி பட்டுவிட்டது என்றார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

தங்கை அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் பின்கட்டுக்குப் போனாள். மின்விசிறியின் இறக்கையை விரலால் தடவிப் பார்த்தாள். சல்லடையில் மிச்சமிருந்த மட்டையை ஒரு பிடி அள்ளி, கண்ணாடி டம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நானும் எதிரில் நின்றேன். தண்ணீர் மெல்ல மெல்லத் தேயிலை நிறத்துக்கு வந்தது. அவள் எழுந்தாள். தன் அலமாரியைத் திறந்தாள், அந்தச் சட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள், டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். உங்கள் ஸ்டேஷன் மேஜையில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அதே டம்ளர்தான்.

மட்டை ஊறவில்லை என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். இன்ஹேலர் அந்தச் சட்டைப் பையில் இருக்கிறது என்று தெரியுமா என்றும் கேட்டீர்கள். அதுவும் தெரியும். எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதை மட்டும் நான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன், மூன்று செடிக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் கஷ்டப்பட வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. மறைக்க இதில் என்ன இருக்கிறது? அழுகிய பாசியை எடுக்காமல் செடியைக் காப்பாற்ற முடியாது.

நேற்று நீங்கள் என் தங்கையைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். அந்தக் கடற்கரை வீட்டில் தனியாக இருக்கிறாளாம். பன்னிரண்டில் ஒரு செடியை எடுத்துப் போயிருக்கிறாளாம். தொட்டியும் இல்லை, கலவையும் இல்லை, வாசலில் ஒரு மரக்கட்டையில் கயிற்றால் கட்டி விட்டிருக்கிறாளாம். வேர் காற்றில் தொங்குகிறது, புது இலை ஒன்று விட்டிருக்கிறது என்றீர்கள். இலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பழைய சத்து. அப்படியே விட்டால் செடி, அவள் இரண்டும் தேறாது.

அவளுக்கு இப்போது என்மேல் கோபம். இருக்கட்டும், கொஞ்ச நாள் வாடுவாள். பின்கட்டு அறையைக் கழுவி, அவளுக்காக வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். நீங்கள் என்னை எப்போது விடுவீர்கள் என்று தெரியவில்லை, ஆனால் விட்ட அன்றைக்கே கிளம்பிப் போய் இரண்டு பேரையும் அழைத்து வந்துவிடுவேன். பெரிய தொட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை மட்டையை மூன்று தண்ணீர் மாற்றி ஊற வைத்த பிறகுதான் அவள் கையில் கொடுப்பேன். என் தங்கைமேல் ஒரு தூசி பட நான் விட்டதில்லை.