மைனஸ் உப்பு

பரிதி: “2025 செப்டம்பர் 9, தஞ்சாவூர். முத்துப்பேட்டை வயல் மண்ணில் உப்பு இறங்கும் கணக்கு. ஓடி முடிய எடுத்த நேரம்: ஆறு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம்.” கம்ப்யூட்டர் இப்படித்தான் எழுதி வச்சிருக்கு பிரின்ஸி அக்கா.

பிரின்ஸி: பழைய முறையில பதினோரு நாள். நீ லேப்ல சேர்ந்த அன்னிக்கு ஓட விட்டது. அது முடியறதுக்குள்ள நீ எல்லார் டிபன் பாக்ஸையும் திறந்து பாத்துட்ட.

பரிதி: உங்களோடது மட்டும்தான்... அக்கா, வெள்ளிக்கிழமை மேடையில பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்களேன். கடல்லேர்ந்து உள்ள வந்த உப்பும், கடைசியில மண்ணுல கிடக்கிற உப்பும் சமமா இருக்கணும்ல?

பிரின்ஸி: இருக்கணும்.

பரிதி: இல்லக்கா. வந்தது நூறு கிலோன்னா, கிடக்கிறது நூத்துப் பதினேழு.

பிரின்ஸி: பதினேழு கிலோவை யாருடா கொட்டினது? உங்க மெஸ்காரரா?

பரிதி: சிரிக்காதீங்க. நிமிஷம் நிமிஷமா கணக்குப் போடாம, மணிக்கணக்காத் தாவினோம்ல, அதானே வேகம். அந்தத் தாவல்ல சில இடத்துல உப்பு மைனஸ்ல போகுது. போனா பூஜ்யமாக்குன்னு ப்ரோகிராம்ல ஒரு வரி இருக்கு. ஒவ்வொரு தடவையும் இல்லாத உப்பு கொஞ்சம் சேருது.

பிரின்ஸி: மண்ணுல மைனஸ் உப்பு ஏது? வரி நியாயமாத்தானே இருக்கு?

பரிதி: பார்க்க நியாயம்தான்... இந்தக் கணக்கை வச்சு நீங்க அனுப்பின பேப்பர் வரலைன்னா தீசிஸ் குடுக்க முடியாதுல்ல?

பிரின்ஸி: முடியாது. ஆறு மாசம் தள்ளிப்போகும்... சரி, ஒரு வருஷம்னு வை. உனக்கு ஏன் குரல் இறங்குது?

பரிதி: அந்த வரியைப் போட்டது நான்தான்க்கா. ஆகஸ்ட்ல நீங்க டெங்குல படுத்திருந்தப்ப ப்ரோகிராம் பாதியில பாதியில நின்னுச்சு. எப்படியாவது ஓடட்டும்னு... அப்புறம் சொல்ல மறந்துட்டேன்.

பிரின்ஸி: மறந்துட்ட?

பரிதி: இல்ல... மறக்கல. ஆறு மணி நேரம்னதும் நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த உடம்போட குதிச்சீங்க. எப்படிக்கா சொல்றது?

பிரின்ஸி: எந்த வரியை யாரு போட்டான்னும் கம்ப்யூட்டர் எழுதி வைக்கும்டா. ரெண்டு வாரம் முன்னாடியே பாத்துட்டேன். நீயே வருவேன்னு இருந்தேன். பேப்பரை வாபஸ் வாங்கியாச்சு. காரணம் கேட்டாங்க, என் பிழைன்னு எழுதினேன். அந்த வரியை எடுத்துட்டு, தாவலைக் குறைச்சு மறுபடி ஓட்டினேன். ஓடி முடிய மூணு நாள் ஆச்சு, வந்த உப்பும் கிடக்கிற உப்பும் சமம். வெள்ளிக்கிழமை மேடையில அதைத்தான் சொல்லப்போறேன்.